சீமெந்து இறக்கியாச்சு, காசு வரவில்லை: கடைக்காரருக்குச் சட்டத்தில் என்ன பிடி?

பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போனால் வீதியோரம் எத்தனையோ ஹாட்வெயார் கடைகள். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கான 550,000 ரூபாவும் கட்டம் கட்டமாகத்தான் கிடைத்தது. அடுத்த கட்டக் காசு வரும்வரை வேலை நிற்கக்கூடாதே என்று சீமெந்தையும் கம்பியையும் கடனுக்குக் கொடுத்தவர்கள் எங்கள் கடைக்காரர்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கடன் கொப்பியில் ஒரு வரி எழுதுவதோடு சரி.

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டு, "வீட்டின் மேல் பற்றுரிமை பதியலாமாமே" என்று சிலர் கேட்கிறார்கள். பற்றுரிமை என்றால், கடன் தீரும்வரை ஒரு சொத்தின் மேல் பிடி வைத்திருக்கும் உரிமை. ஒன்ராறியோவில் அது உண்மை. காசு கிடைக்காத பொருள் வழங்குநர், 60 நாள் கெடுவுக்குள் அந்தக் காணியின் மேலேயே பதியலாம். இலங்கையில், பொருள் கொடுத்தார் என்ற காரணத்துக்காக மட்டும் கடைக்காரருக்குக் காணியில் உரிமை வராது. சுவரில் பூசிய சீமெந்து காணியோடு சேர்ந்துவிடும். கோபத்தில் போய்க் கதவைக் கழற்றினால் பொலிஸ் முறைப்பாடு உங்கள் மேல்தான் வரும்.

இங்கே சட்டம் தரும் பிடி, பொருள் உங்கள் கையில் இருக்கும்வரை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, காசு கிடைக்காத விற்பனையாளர் தன்னிடம் உள்ள பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்கலாம். கடன் தவணை கொடுத்திருந்தால் அந்தத் தவணை முடிந்திருக்க வேண்டும், அல்லது வாங்கியவர் கடன் கட்ட வழியில்லாமல் நொடித்திருக்க வேண்டும். பத்து லோட் கல்லில் நாலு போய்விட்டது, மிச்சம் ஆறு உங்கள் முற்றத்தில் கிடக்கிறது என்றால், பொதுவாக அந்த ஆறையும் மறித்து வைக்கலாம். நொடித்தவருக்குப் போகும் பொருள் இன்னும் வழியில், வேறொருவரின் லொறியில் இருந்தால் அதையும் நிறுத்தலாம். வாங்கியவரின் வளவில் இறக்கிய பிறகு இரண்டும் இல்லை.

அடுத்தது, வாங்கியவர் யார்? கொந்தராத்துக்காரர் தன் பெயரில் எடுத்திருந்தால் கடனைக் கட்டவேண்டியவர் அவர்தான். வீட்டுக்காரர் "அவர் தராட்டில் நான் தாறன் அண்ணை" என்று வாயால் சொன்னது வழக்கில் நிற்காது. இன்னொருவரின் கடனுக்குப் பொறுப்பேற்பது எழுத்தில், ஒப்பத்தோடு இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. ஆகவே முதல் லோட் ஏற்றுமுன் வீட்டுக்காரரிடம் ஒரு தாளில் ஒப்பம் வாங்குங்கள். இதை நான் கெஞ்சியே கேட்பேன். முகத்துக்காகக் கேட்காமல் விட்டு நட்டப்பட்டவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரை வீழ்த்துவது காலக்கெடு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, விற்றுக் கொடுத்த பொருளுக்கும் கடைக் கணக்குக் கடனுக்கும் வழக்குப் போட ஒரு வருடம்தான். காசு கட்டவேண்டிய நாளிலிருந்து அது எண்ணப்படும். "தைப்பொங்கலுக்குத் தாறன், சித்திரைக்குத் தாறன்" என்று இரண்டு பொங்கல் போனால் கொப்பி வெறும் கொப்பிதான். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் இந்தக் கெடு 6 வருடம். ஒரு தாளின் பெறுமதி அவ்வளவு. கெடு முடியுமுன் அவர் கடனை ஒப்புக்கொண்டு ஒப்பமிட்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ காலம் புதிதாக ஓடத் தொடங்கும். அதனால் ஐயாயிரம் தந்தாலும் திகதி போட்டு, அவர் ஒப்பத்தோடு பதியுங்கள்.

சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், இரு பக்கத்தாரையும் இருத்திப் பேசி இணக்கம் காண இயங்கும் சபை அது. அங்கே தீராவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடுதான் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மாவட்ட நீதிமன்றம் ஏறலாம். ஆகவே ஒரு வருடக் கெடுவின் பதினோராம் மாதம்வரை காத்திராமல் ஆறாம் மாதமே விண்ணப்பியுங்கள். போகும்போது பில், பொருள் இறக்கியபோது ஒப்பமிட்ட துண்டு, லொறிக்காரரின் பெயர், தொலைபேசியில் வந்த "அடுத்த மாதம் தாறன்" செய்திகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.