மிளகு மூட்டையில் நாட்டின் பெயரை எழுதுவது யார்?

போன மாதம் கீழ்ப்பழனி மலைப்பக்கம் மிளகு விவசாயிகள் கூட்டம் ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் விவசாயி இல்லை. தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட், அதாவது கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்குச் சுங்கத் துறையில் காகிதம் போட்டு வெளியே எடுத்துக் கொடுக்கிற ஆள், இருபது வருடத்துக்கு மேலாக இதே பிழைப்பு. பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது வயதான ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "சார், இலங்கையில அவ்வளவு மிளகு காய்க்குதா?" என்றார்.

நான் ஒரு மணி நேரம் பேசியதைவிட அந்த ஒரு கேள்வி பெரியது. அவருக்கு அங்கே நின்றபடி நான் சொன்ன பதில் அரைகுறைதான். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தியாவும் இலங்கையும் தடையில்லா வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1998 டிசம்பர் 28-இல். வாஜ்பாய் பிரதமர், சந்திரிகா குமாரதுங்க ஜனாதிபதி. 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. "தடையில்லா" என்று பெயரே தவிர, எல்லாப் பொருளுக்கும் கதவு திறந்துவிடவில்லை. இந்தியா 429 பொருட்களையும் இலங்கை 1,180 பொருட்களையும் சலுகை கிடையாது என்று ஒதுக்கி வைத்தன. மிளகு இந்தியாவின் ஒதுக்கு பட்டியலில் இல்லை. நம் மிளகுக்காரருக்கு வில்லங்கம் தொடங்கியது அங்கேதான்.

வில்லங்கம் என்னவென்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். மிளகுக்கு இந்தியாவின் பொதுவான இறக்குமதி வரி 70 சதவீதம். ஆசியான் நாடுகளோடு போட்ட ஒப்பந்தம் 2010 ஜனவரியில் அமலுக்கு வந்தது, அதில் வியட்நாம் உண்டு. அதன்படி மிளகு வரி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 2019 கடைசியில் 50 சதவீதத்தில் நின்றது. இலங்கை மிளகு இருதரப்பு ஒப்பந்தத்தில் வந்தால் வரி பூஜ்யம், தெற்காசிய ஒப்பந்தமான சாப்டா வழியில் வந்தால் 8 சதவீதம். கிலோ 200 ரூபாய் மிளகு என்று வைத்துக்கொள்வோம் (ஜி.எஸ்.டி., சர்சார்ஜ் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன், எழுதினால் தலை சுற்றும்). நேராக வியட்நாமிலிருந்து வந்தால் துறைமுகத்தில் அதன் விலை 300 ரூபாய். இலங்கை மிளகு என்று இருதரப்பு வழியில் வந்தால் 200, சாப்டா வழியில் வந்தால் 216. மிளகு ஒன்றே, ருசி ஒன்றே, மூட்டைமேல் எழுதியிருக்கும் நாட்டின் பெயருக்கு மட்டும் கிலோவுக்கு நூறு ரூபாய் வரை பெறுமானம். உலகத்திலேயே அதிக மிளகு விளைகிற நாடு வியட்நாம். அந்த மிளகு இலங்கையில் இறங்கி, பெயரை மாற்றிக்கொண்டு இங்கே வர ஆசைப்படும் என்பதை நான் சொல்ல வேண்டுமா?

அதனால் இந்த மாதிரி ஒப்பந்தங்களில் விவசாயி முதலில் பார்க்க வேண்டியது வரி சதவீதத்தை அல்ல என்பேன். பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருவது அதுதான், ஆனால் எங்கள் ஆபீஸ் மேஜையில் நாங்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது வேறொரு காகிதத்தை. சர்டிபிகேட் ஆஃப் ஒரிஜின், எங்கள் பேச்சில் சி.ஓ.ஓ., சரக்கு எந்த நாட்டில் விளைந்தது அல்லது தயாரானது என்பதற்கான சான்றிதழ். இலங்கையில் அதைக் கொடுப்பது அந்நாட்டு வணிகத் திணைக்களம். அந்தத் தாள் சரியாக இருந்தால் வரி பூஜ்யம், இல்லாவிட்டால் முழு வரி. ஒப்பந்தத்தின் உயிர் அந்தத் தாளில் இருக்கிறது.

சரி, அதற்கு விதி என்ன? விளைபொருள் என்றால் நேரடி விதி: அந்த நாட்டு மண்ணில் விளைந்து, அங்கேயே பறித்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து மூலப்பொருள் வாங்கி ஏதாவது செய்து அனுப்புவதானால் இரண்டு நிபந்தனை. ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீத மதிப்பு இலங்கையில் சேர்ந்திருக்க வேண்டும் (இந்திய மூலப்பொருள் சேர்ந்திருந்தால் இதில் கொஞ்சம் தளர்வு உண்டு). அத்தோடு, சுங்க அட்டவணையில் பொருளின் நான்கு இலக்க எண் மாறியிருக்க வேண்டும். மிளகின் எண் 0904. முழு மிளகு 0904.11, அரைத்த மிளகுத்தூள் 0904.12. கவனித்தீர்களா, முதல் நான்கு இலக்கம் மாறவே இல்லை. ஆக, வியட்நாம் மிளகைக் கொழும்பில் சலித்தாலும் காயவைத்தாலும் பொடியாகவே அரைத்தாலும் அது இலங்கை மிளகு ஆகாது. எழுத்தளவில் விதி கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது.

இதே விதி வனஸ்பதியில் எப்படி ஏமாந்தது என்பது தனிக்கதை, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாமாயிலின் எண் 1511. அதை ஹைட்ரஜன் ஏற்றி வனஸ்பதி ஆக்கினால் எண் 1516 ஆகிவிடும், நான்கு இலக்க எண் மாறியாயிற்று. இந்தியாவில் கச்சா பாமாயிலுக்கு ஒரு கட்டத்தில் 80 சதவீத வரி இருந்தது. இலங்கையில் அதைவிட மிகக் குறைவு. நம் ஊர் முதலாளிகளே இலங்கைக்குப் போய் ஆலை வைத்து, மலேசிய, இந்தோனேசியப் பாமாயிலை அங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இலங்கை விவசாயிக்கு அதில் ஒரு சல்லி கிடையாது, இந்திய எண்ணெய்வித்து விவசாயிக்கு அடி. அப்புறம் 2008 ஏப்ரலில் இந்தியா கச்சா சமையல் எண்ணெய் வரியை அடியோடு எடுத்தது. சலுகை என்பதே மற்றவருக்கு உள்ள வரிக்கும் நமக்கு உள்ள வரிக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான், அந்த இடைவெளி போனதும் ஆலைகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் அதன் பலன் ஒரே அறிவிப்பில் மாறிவிட்டது.

மிளகுக்கு வருகிறேன். விதி எழுத்தில் சரி, களத்தில்? பல வருடம் முன்பு ஒரு கன்டெய்னர், ஊரும் பெயரும் வேண்டாம். காகிதம் எல்லாம் பக்கா. சுங்க அதிகாரி திறந்து பார்க்கச் சொன்னார். மூட்டைமேல் இலங்கை என்று அச்சு. ஒன்றை அவிழ்த்தால் உள்ளே இன்னொரு சாக்கு, அதில் வேறொரு நாட்டின் எழுத்து, அழிக்கக்கூட மெனக்கெடவில்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது, பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்தில் போடும் இறக்குமதிக் காகிதத்தில், கையெழுத்து என்னுடையது அல்லவா. இப்படிக் கையும் களவுமாகச் சிக்குவது அபூர்வம் என்பதையும் சொல்ல வேண்டும். மிளகைக் கையில் எடுத்து இது இலங்கையின் மாத்தளையா வியட்நாமா என்று சொல்லிவிட முடியாது. லிட்டர் எடை (ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் என்பது), காரம் தரும் பைப்பரின் என்ற பொருளின் அளவு என்று சில தடயங்கள் உண்டு, அவற்றை மட்டும் வைத்து ஒருவர்மேல் வழக்குப் போட்டு நிற்க வைப்பது கஷ்டம்.

இரண்டாவதாக நான் பார்க்கச் சொல்வது ஒதுக்கீடு. புகார்கள் கிளம்பியதும் இந்தியா உச்சவரம்பு வைத்தது: வரியில்லாமல் வனஸ்பதி வருடத்துக்கு 2,50,000 டன், மிளகு 2,500 டன், உலர் தேங்காய்த் துருவல் 500 டன். இந்தியாவின் மிளகு விளைச்சலோ பல பத்தாயிரம் டன். 2,500 டன் அதில் என்ன பெரிதா என்று தில்லிக்காரர் கேட்பார். காகிதத்தில் பெரிதில்லைதான். ஆனால் ஒதுக்கீடு தீர்ந்தபின் சாப்டாவின் 8 சதவீதக் கதவு திறந்தே கிடக்கிறது. அதோடு மண்டி விலை டன் கணக்கில் மட்டும் ஓடுவதில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் மலைகளில் பறிப்பு, ஏணி போட்டுப் பறிக்கிறவருக்குக் கூலி அன்றன்றைக்குக் கொடுத்தாக வேண்டும், கையில் காசு இல்லாத சிறு விவசாயி களத்தில் காய்ந்ததும் விற்றுத்தான் ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து நாலு கன்டெய்னர் இறங்குகிறது என்று மண்டிக்கு ஒரு போன் வந்தால் போதும், விலையைக் குறைத்துக் கேட்க அதுவே சாக்கு. ஒதுக்கீட்டை வருடக் கணக்கில் எழுதுகிறவர்கள் எந்த மாதத்தில் வரக்கூடாது என்றும் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2015-16 வாக்கில் கிலோ 700 ரூபாயை ஒட்டி விற்ற மிளகு 2019, 2020-இல் 300-350 ரூபாய்க்கு வந்ததற்கு முழுக்காரணம் இலங்கை ஒப்பந்தம் அல்ல. வியட்நாமில் விளைச்சல் குவிந்து உலக விலையே சரிந்தது. கூட்டங்களில் மைக் பிடிக்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், கைதட்டு குறையும். உலகச் சரிவு இங்கே வந்து சேராமல் 70 சதவீதத் தடுப்பு கொஞ்சமாவது தாங்கியிருக்கும், அந்தத் தடுப்பில் ஓட்டை விழுந்திருந்தது என்பதுதான் ஒப்பந்தத்தின் பங்கு. எல்லாப் பயமும் பலித்ததும் இல்லை. இலங்கைத் தேயிலைக்கு வருடம் 1.5 கோடி கிலோ, 7.5 சதவீத வரியில் அனுமதித்தபோது நீலகிரியில் பெரிய கலக்கம். அந்த ஒதுக்கீட்டின் பக்கத்தில்கூடச் சரக்கு வரவில்லை, இலங்கைத் தேயிலையின் விலை அப்படி.

விலைச் சரிவைத் தடுக்க 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. 2018 மார்ச்சில் அதை இன்னும் இறுக்கி, 500-க்குக் கீழே உள்ள மிளகின் இறக்குமதிக்குத் தடை என்றே அறிவித்தது. மலைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் உடனே வேறு கணக்குப் போட்டார்கள். 200 ரூபாய்ச் சரக்குக்கு 500 ரூபாய் என்று பில் போட்டால்? 50 சதவீத வரிக்காரர் 250 ரூபாய் வரி கட்ட வேண்டும், அவருக்குக் கட்டுப்படியாகாது. 8 சதவீதக்காரருக்கு 40 ரூபாய்தான். பூஜ்ய வரிக்காரருக்கு ஒன்றுமே இல்லை, கூடுதலாகக் காட்டிய பணத்தை வெளியே அனுப்புவதற்கு ஒரு வழி வேறு கிடைக்கிறது. யார் செய்தார்கள், எவ்வளவு என்று நான் குற்றம் சாட்டவில்லை, அந்தத் தடுப்புச்சுவர் எந்தப் பக்கம் பலவீனம் என்று காட்டுகிறேன். ஏற்றுமதிக்காக வரவழைக்கிற மிளகுச்சாறு ஆலைகளுக்கு இந்த விலை வரம்பிலிருந்து பிறகு விலக்கும் கொடுத்தார்கள், அது நியாயம்தான்.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்வி. இலங்கையில் மிளகு காய்க்கிறது, நன்றாகவே காய்க்கிறது. மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கம் வீட்டுத்தோட்டம் அளவில் வைத்திருக்கும் சிறு விவசாயிகள்தான் பெரும்பாலும், நம் ஆட்களைப் போலவே. அவர்கள் மிளகில் காரம் அதிகம், சாறு எடுக்கிறவர்கள் விரும்பி வாங்குவார்கள், பெரும்பகுதி வருவது இந்தியாவுக்கே. வியட்நாம் சரக்கு இலங்கைப் பெயரில் போனால் அடிவிழுவது அவர்களுக்கும்தான்: ஒதுக்கீட்டை வேறொருவன் தின்றுவிடுகிறான், இந்தியா கோபத்தில் விலை வரம்பு வைத்தால் மாத்தளைக்காரரின் மிளகும் சேர்ந்து தேங்குகிறது. 2019 கடைசியில் மறு ஏற்றுமதிக்காக மிளகு, பாக்கு போன்றவற்றை இறக்குமதி செய்வதை இலங்கை அரசே தடை செய்ததற்குப் பின்னால் அந்த விவசாயிகளின் குரலும் இருந்தது. நம் கூட்டங்களில் "இலங்கை மிளகை நிறுத்து" என்று போர்டு பிடிக்கும்போது நாம் தப்பான ஆளைப் பார்த்துக் கத்துகிறோமோ என்று எனக்குத் தோன்றும்.

மறுபக்கம் இலங்கை தன் விவசாயியை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதையும் கவனியுங்கள். எங்கள் துறைமுகத்திலிருந்து வெங்காயம் அனுப்புகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒப்பந்தத்தில் உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றை ஒதுக்குப் பட்டியலுக்குள் வைத்துக்கொண்டதோடு நிற்காமல், 2007-இல் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்திலோ வெலிமடையிலோ கிழங்கு தோண்டுகிற நேரம் வந்தால் வர்த்தமானியில், அதாவது அவர்கள் அரசிதழில், ஓர் அறிவிப்பு, இரவோடு இரவாகக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று அறவீடு ஏறும். அறுவடை முடிந்தால் இறங்கும். கப்பலில் சரக்கை ஏற்றிவிட்டு மாட்டிக்கொண்ட ஏற்றுமதியாளர்களின் புலம்பலை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் விவசாயி பக்கம் நின்று பார்த்தால், பறிப்பு மாதத்தைக் கணக்கில் எடுக்கிற இந்த ஏற்பாடு நமக்கும் வேண்டியதே.

இப்போது நம்மால் என்ன முடியும்? 2020 செப்டம்பர் 21 முதல் இந்தியச் சுங்கத்தில் புது விதிகள் வந்தன, நாங்கள் கரோடார் என்போம். அதுவரை சி.ஓ.ஓ. தாளை நீட்டினால் இறக்குமதியாளரின் கடமை முடிந்தது. இப்போது சரக்கு அந்த நாட்டில்தான் விளைந்தது என்பதற்கான விவரம் அவர் கையிலேயே இருக்க வேண்டும், ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும், அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் சலுகையை நிறுத்தி வைத்துவிட்டு இலங்கைக்கே எழுதிக் கேட்கலாம். நல்ல ஆயுதம். ஆனால் அதிகாரிக்குச் சந்தேகம் வர யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? விவசாயிகள் சங்கம் "வெளிநாட்டு மிளகு வருகிறது" என்று பொத்தாம்பொதுவாக மனு கொடுத்தால் அது கோப்பில் தூங்கும். எந்த மாதம், எந்தத் துறைமுகம், 0904-இல் எந்த உட்பிரிவு, வழக்கத்தைவிட எவ்வளவு அதிகம் என்று எழுதுங்கள். மாதாந்திர இறக்குமதிக் கணக்கை வணிக அமைச்சகம் இணையத்தில் போடுகிறது, நாடு வாரியாகப் பார்க்கலாம், வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள்.

புது ஒப்பந்தம் பேசும்போதே நுழைய வேண்டும், கையெழுத்துக்குப் பிறகு ஒப்பாரிதான் மிச்சம். நியூசிலாந்துப் பால் வந்துவிடும் என்று பால்காரர்கள் எழுப்பிய சத்தத்துக்கும் பங்கு இருந்ததால்தான் 2019 நவம்பரில் ஆர்.சி.இ.பி. என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் பெரிய வர்த்தக ஒப்பந்தப் பேச்சிலிருந்து இந்தியா விலகியது. ஆஸ்திரேலியாவோடு 2022-இல் போட்டதிலும் பால் பொருட்களுக்குச் சலுகை கிடையாது. பால்காரர்களுக்குச் சங்கம் பெரிது, ஓட்டும் பெரிது. மிளகுக்காரர்கள் மலை மலையாகச் சிதறிக் கிடக்கிறார்கள். கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் கூடலூருக்கும் ஒரே மனுவில் கையெழுத்து வாங்கி நான் இன்னும் பார்த்ததில்லை.

அந்தப் பெரியவரிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்பக்கம் மிளகின் அந்த நாலு இலக்க எண்ணை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மடித்து உள்ளே வைத்துக்கொண்டே, "ஏலக்காய்க்கு என்ன நம்பர் சார்?" என்றார்.