பொய் சொல்லும் ட்ரோனும் ஐம்பது மீட்டர் உயரமும்

ஆறு ட்ரோன்கள் ஒரே உயரத்தில் பறக்க வேண்டும், ஆனால் உத்தரவிடத் தலைமைக் கணினி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தன் உயரத்தை மற்றவற்றுக்கு அறிவிக்கிறது. வந்துசேரும் எண்களோடு தன் எண்ணையும் சேர்த்துச் சராசரி கண்டு, அந்த உயரத்துக்கு நகர்கிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் எல்லாம் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். சிறு மின்கட்டமைப்புகளில் இன்வெர்ட்டர்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளவும் இம்முறை உதவுகிறது.

இவற்றுள் ஒன்றை எதிராளி கைப்பற்றிவிட்டான் என்றால் நிலைமை மாறிவிடும். நம் ட்ரோன் 50 மீட்டரில் இருக்கிறது. நேர்மையான நான்கு 48, 49, 51, 52 என்கின்றன. கைப்பற்றப்பட்டதோ 500 என்கிறது. சராசரி 125. அது விடாமல் 500 என்றே சொல்லிக்கொண்டிருந்தால், படிப்படியாக மொத்தக் கூட்டமும் 500 மீட்டருக்கு இழுபட்டுவிடும். குறியாக்கம் இங்கே காப்பாற்றாது. அனுப்பியது யார் என்று காட்டும், செய்தியில் உள்ள மின்கையொப்பம் உண்மையானது, எண்தான் பொய்.

லெப்லாங்க், சுந்தரம் உள்ளிட்ட நால்வர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வியக்கத்தக்க அளவு எளிய விதியொன்றை ஆராய்ந்தது. பொய்யர் ஒருவர் இருக்கலாம் என்று கருதினால், தன் எண்ணைவிடப் பெரியவற்றுள் மிகப் பெரியதையும், சிறியவற்றுள் மிகச் சிறியதையும் ஒவ்வொரு முறையும் தள்ளிவிட வேண்டும். 500உம் 48உம் போய்விட, மீதியின் சராசரி 50.5. எதிராளி தந்திரமாக 51.5 என்று சொன்னால் அந்தப் பொய் தப்பிவிடும். ஆனால் அதற்கு மேலே நேர்மையான 52 இருப்பதால்தான் தப்புகிறது, ஆகவே நேர்மையானவர்களின் எல்லையைத் தாண்டி யாரையும் இழுக்க அதனால் முடியாது. பொய்யர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இதன் அழகு. நேர்மையான 48உம் சேர்ந்து தள்ளப்படுவதால், உண்மையான சராசரி கிடைக்கும் என்ற உறுதி மட்டும் போய்விடுகிறது.

ஆனால், இணைப்புகள் ஏராளமாக இருந்தாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. பத்துப் பத்தாக இரு குழுக்கள். குழுவுக்குள் எல்லாருக்கும் எல்லாரோடும் தொடர்பு, மறு குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கூட்டாளி. ஒரு குழு 40 மீட்டரிலும் மற்றது 60இலும் இருந்தால், வெளியிலிருந்து வரும் அந்த ஒற்றை எண்ணை ஒவ்வொருவரும் தள்ளிவிடுவார்கள். பொய்யரே இல்லாவிட்டாலும் இரு குழுக்களும் ஒருபோதும் சேரா. ஒரு பொய்யரைத் தாங்க வேண்டுமானால், வலையிலிருந்து பொது உறுப்பினர் இல்லாத எந்த இரு குழுக்களை எடுத்தாலும், அவற்றுள் ஒன்றிலாவது ஓர் உறுப்பினருக்குத் தன் குழுவுக்கு வெளியே குறைந்தது மூன்று அண்டையர், அதாவது நேரடித் தொடர்பில் உள்ளவர்கள், இருந்தால் போதும். பெரிய வலையில் இதைச் சரிபார்ப்பது கணினிக்கே கடினம், கட்டியெழுப்புவது எளிது. எல்லாரும் எல்லாரோடும் பேசும் ஐந்து ட்ரோன்களில் தொடங்கி, புதிதாக வரும் ஒவ்வொன்றையும் ஏற்கெனவே உள்ள மூன்றோடு இணைத்துக்கொண்டே போனால் இந்த வலிமை குறையாது.