எம்பரர் ஏஞ்சல் மீன் வாங்குவதற்கு முன்

கடல் மீன்களுக்குச் சிகிச்சை அளிக்கும் என்னிடம் வருகிற பெரிய ஏஞ்சல் மீன்களில் பலவற்றின் நோய், தொட்டியின் அளவிலோ தீனியிலோதான் தொடங்கியிருக்கிறது. கருநீல உடலில் வெள்ளை வளையங்களோடு விரல் நீளமே இருக்கும் எம்பரர் ஏஞ்சல் குஞ்சு, வளர வளர மஞ்சளும் நீலமுமான கோடுகளுக்கு மாறி 40 செ.மீ. வரை நீளக்கூடியது என்பதை வாங்கும்போதே அறிந்திருந்தால், 200 லிட்டர் தொட்டியில் அதை விட எவருக்கும் மனம் வராது. வளர்ந்த மீனுக்கு 800 லிட்டராவது வேண்டும்; தொட்டி 2 மீட்டர் நீளமும், ஒளிந்துகொள்ளப் பாறைக் குகைகளும் கொண்டதாக இருப்பது நல்லது.

அண்மையில் ஒருவர் கொண்டுவந்த மீனின் கண்ணைச் சுற்றிலும், உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோடான பக்கக்கோட்டின் நெடுகிலும், ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள் வெளிறிக் கிடந்தன. நிறம் மாறும் பருவம்தானே என்று அவர் மாதக்கணக்கில் கவலைப்படாமல் இருந்திருக்கிறார். தினமும் கொடுத்ததோ உறைய வைத்த இறால் மட்டும். பவளப்பாறைகளில் கடற்பஞ்சையும் பாசியையும் நாள் முழுவதும் கொறித்துத் திரியும் மீனுக்கு இது எப்படிப் போதும்? கடற்பஞ்சு கலந்த உறைதீனி, உலர்ந்த கடற்பாசித் தாள், வைட்டமின் சேர்த்த உணவு என மாற்றி, சிறு சிறு அளவாக நாளுக்கு மூன்று வேளை கொடுக்கச் சொன்னேன். வடிகட்டியிலிருந்த கரியையும் எடுக்கச் சொன்னேன். சில வகைக் கரிக்கும் இந்தப் புண்ணுக்கும் தொடர்பு உண்டு என்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. குழிகள் மெல்ல ஆறின, ஆனால் முகத்தில் தழும்பு நின்றுவிட்டது. முதல் குழி தென்பட்ட அன்றே வந்திருக்கலாமே என்று இன்றும் வருந்துகிறேன்.

நீரைப் பொறுத்தவரை, வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரையிலும், உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டியும் இருக்கட்டும். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் துளியும் தென்படக்கூடாது.

புதிய மீனை நேரே பெரிய தொட்டியில் விடாமல், குறைந்தது நான்கு வாரமாவது தனித்தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். வெண்புள்ளி நோய் கண்டால் செம்பு மருந்தை அந்தத் தனித்தொட்டியில் மட்டும், தினமும் அளவைச் சோதித்தபடி பயன்படுத்துங்கள், ஏனெனில் அது பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும்.

மீனை இடம் மாற்றும்போது வலை வேண்டாம். ஏஞ்சல் மீன்களுக்குக் கன்னத்தின் கீழ்ப்பக்கம் கூரிய முள் ஒன்று உண்டு. அது வலையில் சிக்கினால் மீன் துடித்துச் செவுள்மூடியைக் கிழித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பாத்திரத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மீனை மெதுவாக அதற்குள் ஓட்டிப் பிடியுங்கள். ஏற்கெனவே முள் சிக்கியிருந்தால் இழுக்காமல், மீனைத் தண்ணீருக்குள் வைத்தபடியே வலைக்கண்ணியைக் கத்தரித்து விடுவியுங்கள்.