மூன்று ஸ்பூன் சர்க்கரையும் முப்பது மில்லி வயிறும்

அக்காவுக்குக் காபியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். உடல் எடைக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. பழைய நினைப்பில் அதே மூன்று ஸ்பூன் போட்டு ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள். "என்னடா இது, பாயசம் மாதிரி தித்திக்குது?" வாங்கிக் குடித்துப் பார்த்தேன். என் நாக்குக்கு எப்போதும் போலத்தான் இருந்தது.

வயிற்றில் கத்தி வைத்தால் நாக்கு எப்படி மாறும்? அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்குச் செய்தது இரைப்பை பைபாஸ். (நம் ஊரில் பைபாஸ் என்றாலே இதயம்தான். பார்க்க வந்தவர்களெல்லாம் "நெஞ்சு வலியா?" என்றுதான் கேட்டார்கள்.) 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிவைத்த முறை. அல்சருக்காக இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்தவர்கள் மெலிந்துபோவதை அவர் கவனித்திருந்தார். இன்று செய்வது இப்படி: ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் இரைப்பையின் மேல்முனையில், சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைத் தனியாகப் பிரிக்கிறார்கள். சிறுகுடலை வெட்டி, கீழ்ப்பகுதியை மேலே கொண்டுவந்து இந்தப் பையோடு தைக்கிறார்கள். மீதி இரைப்பையும் சிறுகுடலின் தொடக்கமும் உள்ளேயே இருக்கும். உணவு மட்டும் அந்த வழியாகப் போகாது. ஸ்லீவ் என்ற இன்னொரு முறையில், இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை விட்டுவைப்பார்கள்.

பை சின்னதாகிவிட்டது, அதனால் சாப்பாடு குறைகிறது என்று நானும் நினைத்திருந்தேன். அவ்வளவுதான் விஷயம் என்றால் இவர்கள் நாள் முழுக்கப் பசியோடு தவிக்க வேண்டும். பட்டினி கிடந்து எடை குறைப்பவர்களுக்கு அப்படித்தான் நடக்கிறது. எடை இறங்க இறங்கப் பசி ஏறும், கனவில்கூட பிரியாணி வரும். அக்காவுக்கோ ஆசையே இறங்கிப்போயிருந்தது.

ஐந்தாவது மாதம் ஒரு கல்யாணத்தில் அரை கப் பால் பாயசம் சாப்பிட்டாள். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணப்பெண் அறையில் போய்ச் சுருண்டு படுத்துவிட்டாள். இதற்கு டம்பிங் என்று பெயர். சாதாரண வயிற்றில், இரைப்பையின் அடியில் உள்ள வால்வு கூழான உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்குள் விடும். பைபாஸில் அந்தக் காவல் இல்லை. சர்க்கரைக் கரைசல் மொத்தமாகச் சிறுகுடலில் போய் விழுகிறது. அந்தக் கெட்டியான கரைசல் ரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. குடல் உப்புகிறது, இதயம் வேகமாக ஓடுகிறது. சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது அடியும் உண்டு. திடீரென்று ஏறிய சர்க்கரையைப் பார்த்து இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்க, ரத்தச் சர்க்கரை தடாலென்று விழுந்து கை நடுங்கும்.

இப்படி ஒருமுறை பட்டால் மூளை மறக்காது. 1955-ல் ஜான் கார்சியாவும் உடன் ஆய்வாளர்களும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்து, குடிக்கும் நேரத்தில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள். கதிர்வீச்சால் உடம்பு சரியில்லாமல் போனது. தண்ணீர் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனாலும் எலிகள் அதன்பின் அந்த இனிப்பைத் தவிர்த்தன. விஷமுள்ள உணவிலிருந்து விலங்குகளைக் காப்பாற்றும் பழைய பாடம் அது. கல்யாண வீட்டில் அக்காவின் மூளை படித்ததும் அதே பாடம்தான்.

சரி, டம்பிங் ஒருமுறைகூட வராதவர்களுக்கும் இனிப்பின் மேல் நாட்டம் குறைகிறதே? அங்கேதான் ஹார்மோன்கள் வருகின்றன. பசியைத் தூண்டும் கிரெலினை 1999-ல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்வளைவில் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுப்பது அந்தப் பகுதியைத்தான். பைபாஸில் வேறொன்று நடக்கிறது. பாதி செரித்த உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரமே போய்ச் சேர்வதால், அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்களைப் பழையதைவிடப் பல மடங்கு சுரக்கின்றன. போதும் என்று மூளைக்குச் சொல்பவை இவை. இந்த ஹார்மோன்களை அடக்கும் ஆக்ட்ரியோடைட் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, பைபாஸ் செய்துகொண்டவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பை அதே சின்னப் பைதான்! எடை குறைக்க இன்று எல்லோரும் பேசும் செமாக்ளூடைட் ஊசியும் ஜிஎல்பி-1 செய்யும் வேலையைத்தான் செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது லண்டனில் நடந்து 2012-ல் வெளியான ஒரு ஆய்வு. கணினி மவுஸை அழுத்தினால் ஒரு சாக்லேட் மிட்டாய் கிடைக்கும். அடுத்த மிட்டாய்க்கு இன்னும் அதிகம் அழுத்த வேண்டும், அதற்கடுத்ததற்கு அதைவிட அதிகம். எப்போது "போதும்ப்பா" என்று கையை எடுக்கிறார்கள் என்பதே கணக்கு. பைபாஸுக்குப் பிறகு, முன்பு அழுத்தியதில் ஏறக்குறைய பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மிட்டாய்க்குப் பதில் காய்கறி வைத்தபோது எந்த மாற்றமும் இல்லை. நாக்கில் இனிப்பு தெரிவது வேறு, அதற்காகப் பாடுபடத் தோன்றுவது வேறு. குறைந்தது இரண்டாவது.

ஆனால் டென்மார்க் ஆய்வாளர்கள் பஃபே சாப்பாடு வைத்துப் பார்த்தபோது, சாப்பிட்ட அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எதை எந்த விகிதத்தில் எடுத்தார்கள் என்பது பெரிதாக மாறவில்லை. நாங்கள் இப்போது வேறு மாதிரி சாப்பிடுகிறோம் என்று சொல்பவர்களின் தட்டில் அந்த அளவு மாற்றம் தெரிவதில்லை. என் கணிப்பில், அறுவை சிகிச்சை ஒரு கதவைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே. அந்தச் சில மாதங்களில் சமையலறையில் என்ன மாறுகிறது என்பது மிக முக்கியம்.

எங்கள் வீட்டில் முதலில் செய்த மாற்று, தவறான மாற்று. வெள்ளைச் சர்க்கரை ஆகாது என்றதும் அம்மா கருப்பட்டிக்கு மாறினார். தேனும் வந்தது. கருப்பட்டியில் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். குடலுக்குள் விழுந்தபின் அது பனையா கரும்பா என்று குடல் பார்ப்பதில்லை. அக்கா கருப்பட்டிக் காபி குடித்தும் ஒரு நாள் படுத்தாள்.

அடுத்தது சோறு. உருண்டையாகத் திரண்டு, குறுகலான இணைப்பில் அடைத்துக்கொண்டு நெஞ்சில் கல் மாதிரி நின்றது. மொறுமொறு தோசையை நன்றாக மென்றால் இறங்கியது, கல்தோசை இறங்கவில்லை. ஆட்டுக்கறியின் நார் இறங்காமல் அவதிப்பட்டவள், குழம்பில் வெந்த மீனைச் சுலபமாகச் சாப்பிட்டாள். சிறிய பையில் அமிலமும் குறைவு, அரைக்கும் வலுவும் குறைவு. அதனால் இறைச்சி பலருக்கும் கஷ்டம்.

ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. ஒரு இட்லியில் இரண்டு கிராம் சொச்சம், ஒரு முட்டையில் ஆறு. அரை கப்புக்கு மேல் இறங்காத வயிற்றில் இட்லிக்கு இடம் கொடுத்தால் முட்டைக்கு இடம் இல்லை. ஆகவே தட்டின் வரிசையே தலைகீழானது: முதலில் முட்டை, பனீர், மீன் அல்லது கெட்டிப் பருப்பு, அப்புறம் காய், இடமிருந்தால் இரண்டு வாய் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி கழித்துத்தான்.

மாத்திரைக்கு மட்டும் மாற்று உணவு இல்லை. இரும்புச்சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை உணவு தொடுவதே இல்லை. பி12 உறிஞ்சப்பட, இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் அதோடு சேர வேண்டும். அந்தச் சேர்க்கையும் கெட்டுப்போகிறது. எவ்வளவு கீரை, பால் சாப்பிட்டாலும் ஆயுளுக்கும் மாத்திரையோ ஊசியோ வேண்டும், ரத்தப் பரிசோதனையும் வேண்டும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தியவர்களைத் தெரியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒன்றிரண்டு வருடத்தில் பலருக்கும் பழைய ஆசைகள் கொஞ்சம் திரும்புகின்றன. அப்போது ஆபத்து பாயசத்தில் இல்லை, மிக்சரில் இருக்கிறது. சோறு அடைக்கும், மிக்சரும் பிஸ்கெட்டும் வாயிலேயே மாவாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், டம்பிங்கும் பெரிதாகத் தெரியாது. டிவி முன்னால் உட்கார்ந்தால் ஒரு பாக்கெட் காலி.

அக்காவுக்கு இது மூன்றாவது வருடம். காபியில் அரை ஸ்பூனில் இருந்தவள் போன மாதத்திலிருந்து ஒரு ஸ்பூன் கேட்கிறாள். கேட்டுவிட்டு, அவளே அடுப்பைப் பார்த்துச் சொல்கிறாள்: "முதல்ல அந்த முட்டையை உரிச்சுக் கொடு. காபி அரை மணி கழிச்சு."