கடலடிக் குழாய் பதிப்பும் பாக் விரிகுடாவின் கடற்புல்லும்

காரைக்குடிச் சந்தையில் நாம் வாங்கும் நண்டும் இறாலும் பெரும்பாலும் தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்துக் கரைகளிலிருந்து வருகின்றன. இருந்தும் கடலுக்கடியில் ஒரு திட்டம் என்ற பேச்சு எழுந்தால், அது கரையோர ஊர்க்காரர்களின் கவலை என்றே செட்டிநாட்டில் ஒதுங்கிவிடுகிறோம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைத் தயாரிப்பதும் சரிபார்ப்பதும் என் தொழில். எண்ணெய், எரிவாயு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என எதற்காகக் குழாய் பதித்தாலும், கருத்துக்கேட்புக் கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி, குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்பதே. நியாயமான கேள்விதான். ஆனால் குழாய் ஒருநாளும் வெடிக்காவிட்டாலும், அதைப் பதிக்கும் சில வாரங்களிலேயே சேதம் நேர்ந்துவிடும்; அதன் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை குழாய் செல்லும் தடமும் வேலை நடக்கும் பருவமும்தான். அறிக்கையின் பின்பகுதியில் அட்டவணையாக வரும் தணிப்பு நடவடிக்கைகள், அதற்குப் பிறகு மீதமிருப்பதைத்தான் குறைக்கும்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். வெயில் அடிவரை இறங்குவதால் கடற்புல் பரந்து வளர்கிறது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு அதை மேய்ந்தே வாழ்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது.

குழாயைப் புதைக்க அடித்தரையைக் கலப்பையாலோ நீர்ப்பீச்சாலோ பள்ளமாக்கும்போது வண்டல் எழும்புகிறது. எருமை இறங்கிய ஊருணி தெளிய எவ்வளவு நேரமாகும் என்பது நமக்குத் தெரியும். கடலில் கூடுதலாக நீரோட்டமும் உண்டு. மணல் சில நிமிடங்களில் படிந்துவிடும். பத்து மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) அளவுள்ள வண்டல் துகளோ ஐந்து மீட்டர் ஆழம் இறங்கவே ஏறக்குறைய அரை நாள் எடுத்துக்கொள்ளும். வினாடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகமுள்ள மெல்லிய நீரோட்டம் அதற்குள் அதை நான்கு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோயிருக்கும். அந்தக் கலங்கல் வெயிலை மறைக்கிறது, இலைமேல் படிகிறது. ஹாலோஃபிலா போன்ற சிறு கடற்புல் இனங்கள் விரைவில் மீண்டும் பரவும். நீள இலை கொண்ட என்ஹாலஸ் மீள நெடுங்காலம் ஆகும். எனவே “கடற்புல் பாதிப்பு தற்காலிகமானது” என்ற ஒற்றை வரியை, எந்த இனம் என்று சொல்லாதவரை நான் ஏற்பதில்லை. கலங்கல் பரவாமல் தடுக்க நீரில் தொங்கவிடும் வண்டல் திரையைக் கட்டுவோம் என்று நிறுவனத்தார் சொல்வார்கள்; நீரோட்டம் வினாடிக்கு அரை மீட்டரை நெருங்கினால் அந்தத் திரை வளைந்து மேலெழும்பிவிடும்.

பலர் கவனிக்காதது நங்கூரம். குழாய் இறக்கும் பார்ஜ் என்ற தட்டையான மிதவைக்கலம் தன்னைச் சுற்றி எட்டோ பத்தோ நங்கூரங்களைத் தொலைவில் ஊன்றி, வடங்களை இழுத்து இழுத்தே முன்னேறுகிறது. பார்ஜ் நகர நகர அவற்றைப் பிடுங்கி வேறிடத்தில் ஊன்றுகிறார்கள். தொய்ந்த வடம் அடித்தரையைத் துடைத்துக்கொண்டு போகிறது. இப்படிக் கீறப்படும் பரப்பு, குழாய்ப் பள்ளத்தின் பரப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். நங்கூரமின்றி இயந்திர விசையால் நிலைநிற்கும் கப்பல்களுக்கு இந்த ஆழம் போதாது. ஆகவே வடத்தின் நடுவே மிதவை கட்டுவதையும், கடற்புல் வரைபடத்தின்மேல் நங்கூரப் புள்ளிகளை முன்கூட்டியே குறிப்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

கரையைக் கடக்க, மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து பூமிக்கடியில் கிடைமட்டமாகத் துளையிட்டுக் கடலுக்குள் வெளிவருவது நல்ல முறை. ஆமை முட்டையிடும் மணல் தப்பும். அழுத்தம் மிகுந்தால் துளையிடப் பயன்படும் பென்டோனைட் என்ற களிமண் சேறு தரையைப் பிளந்து மேலே கசியும். அது நஞ்சன்று, ஆனாலும் அடித்தள உயிர்களை மூடிவிடும். இங்குள்ள சிக்கல் வேறு. பாக் விரிகுடாவின் அடித்தரை மிக மெல்லச் சரிவதால், ஒன்றிரண்டு கிலோமீட்டர் துளைத்தாலும் கடற்புல் தரையைத் தாண்ட முடியாமல் போகலாம். அத்தகைய இடத்தில் எந்தத் தொழில்நுட்பத்தையும்விடத் தடத்தை மாற்றுவதுதான் தீர்வு.

பதித்து முடித்தபின், குழாயில் நீரை நிரப்பி அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கும் நீரழுத்தச் சோதனை வரும். அரை மீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர் நீர் பிடிக்கும். முப்பது கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால், பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிகள் ஐந்நூறு கொண்டுவரும் அளவு. அந்நீரில் நுண்ணுயிர்க்கொல்லியும், ஆக்சிஜனை உறிஞ்சும் ரசாயனமும், பல வேளைகளில் சாயமும் கலந்திருக்கும். அதை எங்கே, எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் திறந்துவிடுவார்கள் என்பதற்கு அறிக்கையில் பதில் இருக்க வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தை நிறுவனங்கள் விரும்புகின்றன. விசைப்படகுகள் கடலில் இருக்காது, இழப்பீட்டுத் தகராறும் குறையும். ஆனால் மீன் இனப்பெருக்கத்துக்காக விட்ட நாட்களில் அடித்தரையைக் கலக்குவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது; நாட்டுப்படகுகளோ அப்போதும் தொழிலுக்குப் போகின்றன. வாடைக்காலத்தில் கடல் தானாகவே கலங்கி, பார்ஜ் நிற்கவும் விடாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களை மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து முடிவு செய்வதே முறை.

காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால், உலோகம் துருப்பிடித்து அரிபடும் அரிமானம் பற்றி நம் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாயில் கட்டும் ஆனோடுகள் என்ற அலுமினியக் கட்டிகள் தாம் கரைந்து எஃகைக் காக்கின்றன. அந்த உலோகம் அடிவண்டலில் எவ்வளவு சேர்கிறது என்பதைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம்.

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கருத்துக்கேட்பு நடக்கும் திட்டங்களுக்கு முப்பது நாள் முன்னறிவிப்பும் தமிழில் சுருக்க அறிக்கையும் கட்டாயம். அந்தச் சுருக்கத்தில் கடற்புல் வரைபடம் இருக்கிறதா, அது எந்த மாதத்தில் எடுத்தது, ஒரே பருவத்தில் எடுத்ததா என்று முதலில் பாருங்கள். பதித்த பிறகு குழாயின் துல்லிய இருப்பிடத்தையும், அடித்தரை அரித்துக் குழாய் அந்தரத்தில் தொங்கும் இடங்களையும் படகுக்காரர்களின் ஜிபிஎஸ் கருவியில் ஏற்றித்தரும் பொறுப்பு யாருடையது, எத்தனை ஆண்டுக்கு என்பதையும் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். வலை சிக்கி அறுந்தபின் அதைக் கேட்டால் பதில் சொல்ல அந்த பார்ஜ் அங்கே இருக்காது.