பதினோரு இடம், பதிமூன்று மணி நேரம், ஒரு திங்கட்கிழமை

போன திங்கட்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு ஒரு போன். "மேடம், செங்கோட்டை முன்னால நிக்கோம். கேட்டு பூட்டிக் கெடக்கு. உள்ள ஏதும் விசேஷமா?"

விசேஷம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை, அவ்வளவுதான். செங்கோட்டைக்கு அன்று வார விடுமுறை. தில்லியில் வழிகாட்டி வேலைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இந்தப் பூட்டிய கேட்டின் முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டவர்களை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். அன்றைக்கு ஏனோ கோபம் வந்துவிட்டது. அது ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விருதுநகர் பக்கத்துக் குடும்பம், ஏழு பேர். காசி, பிரயாகை, அயோத்தி எல்லாம் முடித்து, இரவு ரயிலில் காலை எட்டரைக்குப் புதுதில்லியில் இறங்கியிருக்கிறார்கள். இரவு ஒன்பதரைக்குச் சென்னைக்கு விமானம். இடையில் கிடைத்த பதிமூன்று மணி நேரத்துக்கு ஒரு பட்டியல் தயார். முதல் நாளே எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. செங்கோட்டை, ஜும்மா மசூதி, ராஜ்காட், இந்தியா கேட், பாராளுமன்றம், குதுப் மினார், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், பிர்லா மந்திர், மலை மந்திர், சரோஜினி நகர் மார்க்கெட். கடைசி வரி: "டைம் இருந்தா ஆக்ரா."

திங்கட்கிழமையில் இந்தப் பதினொன்றில் நான்கு திறக்காது. செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், சரோஜினி நகர். பாராளுமன்றத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? இதையெல்லாம் பதில் எழுதினேன். இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. காலையில் ஸ்டேஷன் வாசலில் கிடைத்த ஒரு காரை நாள் வாடகைக்குப் பேசி ஏறிவிட்டார்கள். "கோட்டை லேட்டாதான் திறக்கும்" என்று அந்த டிரைவர் முதலில் ஒரு கம்பளக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே ஒன்றரை மணி நேரம். டீ கொடுத்தார்களாம்.

எனக்கு எரிச்சல் வருவது கம்பளக் கடையால் இல்லை. கமிஷன் எல்லா ஊரிலும் உண்டு. "கார் எடுத்துட்டா நேரம் மிச்சம்" என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வதுதான் தாங்க முடியவில்லை. மேப்பைத் திறந்து காட்டுவார்கள்: "பாருங்க மேடம், இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம்."

அந்த ஐம்பது நிமிஷத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நேரம் சாலையில் போவதைவிட வாசலில்தான் அதிகம் போகிறது. ஏழு பேர் காரை விட்டு இறங்குகிறார்கள். வாசலுக்கு எதிரிலேயே நிறுத்த விடமாட்டார்கள், பார்க்கிங்கிலிருந்து நடை. அதற்குள் ஒருவருக்குப் பாத்ரூம் போக வேண்டும். ஒருவர் போனால் நான்கு பேர் போவார்கள். டிக்கெட் வரிசை. பதினைந்து வயதுக்குக் கீழே தொல்லியல் துறை இடங்களில் டிக்கெட் கிடையாது என்பது தெரியாமல் பேரனுக்கும் சேர்த்துப் பணத்தை நீட்டுவார்கள். அடுத்தது சோதனை: ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை. உள்ளே போனதும் பிரிந்தவர்கள் சேர வேண்டும். "அப்பா எங்க?" அப்பா இன்னும் பர்ஸை எடுத்துக்கொண்டிருப்பார். இதற்கே நாற்பது நிமிஷம். திரும்பி வந்து செருப்பு, தண்ணீர் பாட்டில், டிரைவருக்கு போன், அவர் எங்கோ மரநிழலில் தூங்கி எழுந்து வருவது எல்லாம் சேர்த்து இன்னும் இருபது. ஆக ஒரு இடத்துக்கு ஒரு மணி நேரம். இன்னும் ஒன்றையும் பார்க்கவில்லை, கவனியுங்கள். பதினோரு இடத்துக்குப் பதினோரு மணி நேரம், எதையும் பார்க்காமலே.

கார் இதில் ஒரு நிமிஷத்தைக்கூடக் குறைக்காது. பழைய தில்லியில் கூட்டத்தான் செய்யும். சாந்தினி சவுக் பிரதான வீதியில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிகளே கூடாது. 2021இல் அந்தத் தெருவைப் புதுப்பித்த பிறகு அப்படித்தான். அந்த வீதிக்குள் கடை வாசலில் இறக்கிவிடுகிறேன் என்று எந்த டிரைவர் சொன்னாலும் அவரால் முடியாது. மெட்ரோவோ வயலட் லைனில் 'லால் கிலா' என்று கோட்டைக்கு எதிரிலேயே நிலையம் வைத்திருக்கிறது.

அன்றைக்கு அதைக் கண்ணாலேயே காட்டினேன். பெட்டிகளோடு மருமகன் காரில் வரட்டும், மற்ற ஆறு பேரும் என்னோடு மெட்ரோவில் வாருங்கள், ஹுமாயூன் சமாதியில் சந்திப்போம் என்றேன். பாட்டி மட்டும் காசிப் பையைக் காரில் வைக்க மறுத்துவிட்டார். "கங்கையை டிக்கியில போடக் கூடாது தாயி." சரி, கையில் கொண்டு வரட்டும் என்று விட்டது என் தப்பு. ஈயம் வைத்து மூடிய செப்புச் சொம்பு எக்ஸ்ரே திரையில் கட்டிக் கறுப்பாகத் தெரியும். மெட்ரோவில் சோதனை போடும் மத்தியப் படையான சி.ஐ.எஸ்.எஃப். பெண் காவலர் திறக்கச் சொன்னார். பாட்டி சொம்பை மடியோடு அணைத்துக்கொண்டு, "திறந்தா கங்கை போயிரும்" என்று தமிழில் விளக்கினார். நான் ஹிந்தியில் விளக்கினேன். அந்தப் பெண் சொம்பைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அத்தோடு முடிந்ததா? அடியில் வெற்றிலைச் சுருக்குப்பை, அதற்குள் பாக்குவெட்டி. இன்னும் எட்டு நிமிஷம்.

அப்படியும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்து கால் மணி நேரம் கழித்துத்தான் கார் வந்தது.

ஹுமாயூன் சமாதி எந்த நாளும் திறந்திருக்கும், குதுப் மினாரும் அப்படியே. திங்கட்கிழமை தில்லியில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த இரண்டையும் மனதில் வையுங்கள். ஹுமாயூன் சமாதியில் மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்து. பாட்டியின் முட்டிக்கு அது ஆகாது. அவரைக் கீழே தோட்டத்தில் ஒரு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறினார்கள். திரும்பி வந்தபோது புளியோதரைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "இவ்வளவு பெரிய வீட்டுல யாரு தாயி குடியிருந்தா?" யாரும் இல்லை பாட்டி, இது சமாதி, தாஜ்மகாலுக்குப் பல வருஷம் முன்னால் கட்டியது என்றேன். கொஞ்சம் யோசித்தார். "செத்தவுகளுக்கா இம்புட்டுத் தோட்டம்?" அன்று முழுவதும் அவர்கள் வீட்டில் யாரும் கேட்காத நல்ல கேள்வி அது. பதினோரு இடம் ஓடியிருந்தால் அதற்கு நேரம் இருந்திருக்காது.

அங்கிருந்து தென் தில்லியில் ஆர்.கே.புரம். மலை மந்திர் முருகன் கோயிலில் மாலை நடை திறந்ததும் சுவாமிநாதரைத் தரிசித்து, ஆறரைக்கு விமான நிலையம் கிளம்பினார்கள். இந்தியா கேட்டைக் கார் ஜன்னலில் பார்த்தார்கள், அது போதும். ஊரை விட்டுப் போகும் திசையில் கடைசி இடம் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். விமானம் என்றால் தென் தில்லியில் முடியுங்கள். ரயில் என்றால் எந்த ஸ்டேஷன் என்று டிக்கெட்டைப் படியுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுதில்லியிலிருந்து. திருக்குறள் எக்ஸ்பிரஸும் மதுரை சம்பர்க் கிராந்தியும் ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து. புதுதில்லி பிளாட்பாரத்தில் திருக்குறளுக்காகக் காத்திருந்த ஒரு தலைமையாசிரியரை எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன், இன்னும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

விமான நிலையத்திலும் இதே கதை. டெர்மினல் 1 வேறு, 3 வேறு. நடுவில் சில கிலோமீட்டர் இருக்கிறது, நடந்து போக முடியாது. ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் லைன் போவது 3க்கு. 1க்கு மெஜன்டா லைன்.

ஆக்ராவைப் பற்றி ஒரே ஒரு தடவை சொல்கிறேன். ஆக்ரா தனி ஊர், தனி மாநிலம், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் வண்டி பறக்கும், உண்மைதான். ஆனால் அந்த 165 கிலோமீட்டர் கிரேட்டர் நொய்டாவில்தான் தொடங்குகிறது. இந்தப் பக்கம் தில்லி நெரிசல், அந்தப் பக்கம் ஆக்ரா நெரிசல். ஒரு வழிக்கு நான்கு மணி நேரம் வையுங்கள். ரயில் வேண்டுமானால் காலையில் நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ், 100 நிமிஷத்தில் ஆக்ரா. வெள்ளிக்கிழமை அந்த ரயில் கிடையாது, ஏனென்றால் வெள்ளிக்கிழமை தாஜ்மகால் கிடையாது. இவ்வளவு சொன்ன பிறகும் "மதியம் கிளம்பினா முடியாதா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஐந்தாறு மணி நேரம் மட்டும் கையில் இருக்கிறதா, டெர்மினல் 3இலா? தாராளமாக வெளியே வாருங்கள். ஏர்போர்ட் எக்ஸ்பிரஸில் இருபது நிமிஷம் போல, சிவாஜி ஸ்டேடியத்தில் இறங்குங்கள். பங்களா சாஹிப் குருத்வாரா, சீக்கியர் கோயில், பக்கத்தில். தலையை மூடிக்கொள்ள ஒரு துண்டு போதும், லங்கர் என்ற அவர்களுடைய பொதுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் யாரென்று கேட்கமாட்டார்கள். அதே வட்டாரத்தில் பாபா கரக் சிங் சாலை, மாநிலங்களின் கைவினைக் கடைகள் வரிசையாக. நம் பூம்புகாரும் அங்கே உண்டு. தில்லி வரை வந்து பூம்புகாரில் தஞ்சாவூர்த் தட்டு வாங்கிப் போனவர்களும் உண்டு, நான் தடுக்கவில்லை. அக்ரசேன் கி பாவ்லி என்ற படிக்கிணறு ஆட்டோவில் எட்டும் தூரம். இதற்குமேல் ஆசைப்படாதீர்கள்.

குதுப் மினாரில் இரண்டு கேள்வி தவறாமல் வரும். உள்ளே ஏறலாமா? முடியாது. 1981 டிசம்பரில் படிக்கட்டில் விளக்கு அணைந்து, நெரிசலில் 45 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதிலிருந்து அடைத்துவிட்டார்கள். அதே வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூணைப் பின்பக்கமாகக் கட்டிப்பிடிக்கலாமா? 1997இல் வேலி போட்டாயிற்று. தாத்தாக்கள் பிடித்த படம் வீட்டில் இருக்கும், அதோடு திருப்திப்படுங்கள்.

அக்ஷர்தாம் போகிறவர்கள் போன், கேமரா, பை எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. க்ளோக் ரூம் வரிசையே நீளம். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள், அல்லது அடுத்த தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைக்குள் பொதுமக்களை விடமாட்டார்கள். ஜனவரியில் குடியரசு தின ஒத்திகை நாட்களில் இந்தியா கேட் பக்கம் சாலைகள் அடைபடும். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் காலை ரயில் மதியம் வரும். அந்த மாதங்களில் "எட்டரைக்கு இறங்கிடுவோம்" என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

பெட்டிகளை ரயில் நிலைய க்ளோக் ரூமில் வைக்கலாம். டிக்கெட் காட்ட வேண்டும், பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும். பூட்டில்லாமல் வந்து, ஸ்டேஷனை ஒட்டிய பஹார்கஞ்சில் பூட்டு தேடி ஒரு மணி நேரம் அலைந்தவர்கள் ஏராளம். ஸ்டேஷன் வாசலில் யாராவது "ரோடு மூடியிருக்கு", "உங்க டிக்கெட் கேன்சல்", "கவர்ன்மென்ட் டூரிஸ்ட் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றால் நின்று பேசாதீர்கள். போலீஸ் பிரீபெய்டு பூத்தில் சீட்டு வாங்கி ஏறுங்கள். இறங்கிய பிறகுதான் சீட்டை டிரைவரிடம் கொடுக்க வேண்டும், பாதி வழியில் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். எனக்கோ, வேறு எந்த வழிகாட்டிக்கோ, இடங்களின் பட்டியலை முதலில் அனுப்பாதீர்கள். திரும்பிப் போகும் டிக்கெட்டின் போட்டோவை அனுப்புங்கள். என்ன கிழமை, எத்தனை பெட்டி, கூட வருகிறவர்களில் மூத்தவருக்கு என்ன வயது, படி ஏறுவாரா என்று எழுதுங்கள். உள்ளே போய்ப் பார்க்க இரண்டு இடம், வெளியிலிருந்து பார்க்க ஒன்றிரண்டு, ஒரு நல்ல சாப்பாடு. அதற்கு நாங்கள் வழி போட்டுத் தருவோம். அப்புறம், பாக்குவெட்டியைப் பெரிய பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.