சேலைன் போத்தலில் அமிலமா?

கொழும்பில் டெங்கு பரவும் மாதங்களில் கட்டிலுக்குக் கட்டில் சேலைன் தொங்கும். துணைக்கு நிற்பவர்களுக்கு வேறு வேலை இருக்காது. போத்தலின் லேபிளை எழுத்து விடாமல் வாசிப்பார்கள். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் வெள்ளவத்தைப் பிள்ளை ஒருத்தி தாதியான என்னை மடக்கினாள்: “மிஸ், இரத்தத்தின் பிஎச் 7.4 தானே? இதில் 4.5 முதல் 7 வரை என்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு அமிலமா ஏற்றுகிறீர்கள்? அதனால்தான் கை எரிகிறது என்கிறாரா?”

கேள்வியின் முதற்பாதி சரி. பிஎச் 7க்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். சாதாரண சேலைன் சற்று அமிலமானதுதான். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்தாலே தூய நீரின் பிஎச் 5.6 அளவுக்கு இறங்கிவிடும். 5% டெக்ஸ்ட்ரோஸ் என்ற சீனிக் கரைசல் இன்னும் கீழே, 3.5 வரைகூடப் போகலாம். வெப்பத்தில் கிருமி நீக்கும்போது சீனியில் ஒரு துளி சிதைந்து அமிலமாகிறது.

ஆனால் பிஎச் சொல்வது அமிலத்தின் கடுமையை. எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதை அல்ல. ஒரு லீற்றர் சேலைனில் உள்ள அமிலம் முழுவதையும் நடுநிலையாக்க ஒரு மில்லிமோல் காரம்கூடத் தேவையில்லை. இரத்தத் திரவவிழையத்தில் லீற்றருக்கு அமிலத்தை நடுநிலையாக்கும் பைகாபனேற்று ஏறத்தாழ 24 மில்லிமோல் இருக்கிறது. நாளத்தில் செருகிய கனூலா என்ற சிறு குழாயின் நுனியைத் தாண்டிய கணத்திலேயே அந்த அமிலம் அடங்கிவிடும்.

அந்த அம்மாவின் கனூலா மணிக்கட்டு மடிப்பில் இருந்தது. கை மடங்கும்போதெல்லாம் குழாயின் நுனி நாளத்தின் உட்சுவரை உரசியது. அதைக் கழற்றி முன்கையில் போட்டோம். அதே சேலைன்தான் ஓடியது; எரிவு நின்றுவிட்டது.

மருந்துகளின் கதை வேறு. வன்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் கரைசலின் பிஎச் 4க்குக் கீழும் இருக்கலாம். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின் எதிர்த்திசையில் 12ஐத் தொடும். இவை இரண்டும் நாளத்தைப் புண்ணாக்கக்கூடியவை. அப்போதும் பிஎச்சை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 8.4% சோடியம் பைகாபனேற்றின் பிஎச் 8 அளவில், இரத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதன் செறிவு இரத்தத்தினுடையதைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. நாளத்தின் உட்படையிலுள்ள கலங்களிலிருந்து நீரை இழுத்துவிடும். பிஎச் 5க்குக் கீழோ 9க்கு மேலோ இருந்தால் கை நாளத்தில் ஏற்றக்கூடாது என்று முன்பு ஒரு வரம்பு சொல்லப்பட்டது. அமெரிக்க உட்செலுத்தல் தாதியர் சங்கம் 2016இல் வெளியிட்ட நியமங்களில் அதைக் கைவிட்டது. என் பார்வையில் அது காலம் பிந்திய நல்ல முடிவு.

மருந்து எது, எவ்வளவு ஐதாக்கப்பட்டது, எவ்வளவு வேகத்தில் போகிறது, எந்த நாளத்தில் போகிறது என்பவையே முக்கியம். புறங்கையின் மெல்லிய நாளத்தில் கனூலா இடத்தை அடைத்துக்கொண்டால், மருந்தைக் கரைத்துக்கொண்டு போக இரத்தம் போதாது. இதயத்துக்கு அருகிலுள்ள பெருநாளத்தில் நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் அளவில் இரத்தம் ஓடுவதால், உறைப்பான மருந்துகளை நீண்ட குழாய் வழியாக அங்கே கொண்டுபோய் விடுகிறோம்.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு மனக்குறை. “சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்” என்று உறவினர்களே, ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளைக் கிளாம்பைத் திறந்துவிடுகிறார்கள். வன்கோமைசினைக் குறைந்தது ஒரு மணித்தியாலம் எடுத்துத்தான் ஏற்ற வேண்டும். விரைந்து போனால் நாளம் எரிவதோடு உடல் சிவந்து அரிக்கும். இரத்த அழுத்தமும் விழலாம். பொட்டாசியம் கலந்த போத்தலென்றால் இதயமே நின்றுபோகலாம். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

எரிவு, சிவப்பு, வீக்கம், நாளம் கயிறுபோல் தடித்தல் எதுவானாலும் உடனே எங்களைக் கூப்பிடுங்கள். இரவு இரண்டு மணியாக இருந்தாலும் “மிஸ் பாவம், களைத்திருப்பார்” என்று காத்திருக்க வேண்டாம். கனூலாவைக் கழற்றிய பிறகு இரண்டு நாட்கள் வரைகூட இந்த அழற்சி தலைகாட்டலாம். வீட்டுக்குப் போனபின் அந்த இடம் தடித்துச் சிவந்து காய்ச்சலும் வந்தால், தைலம் தேய்க்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.